முதற்படியில் இடறியவர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே மதிப்பெண் பேச்சும் ஓங்கி ஒலிக்கத் தொடங்கிவிடும். தேநீர்க் கடையில், கோயில் வாசலில், ரயில் நிலையத்தில் என எங்கு நின்றாலும் யாரோ ஒருவர் யாருக்கோ கட் ஆஃப் கணக்கிட்டுக் கொண்டிருப்பார். கல்லூரி ஆசிரியர் என்பதால் நம்மைத் தேடியும் சிலர் வருவதுண்டு. சென்ற ஆண்டு அப்படி வந்தவர் ஒரு தறிக்காரர். மகன் மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். சென்னையில் பெயர் பெற்ற கல்லூரி ஒன்றில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மேசைமேல் விரித்து வைத்த தந்தை, பத்தாம் வகுப்புப் பட்டியலை மட்டும் கைப்பையிலிருந்து எடுக்கத் தயங்கினார்.

"பத்துல மார்க் கொறஞ்சிட்டு சார். அதப் பாத்துட்டு உள்ள விடமாட்டேன்னு சொல்லிருவாங்களா?"

"அண்ணாச்சி, சேர்க்கைக்குப் பன்னிரண்டுதான் கணக்கு. கவலைப்படாம விண்ணப்பம் போடுங்க" என்று சொல்லி அனுப்பினோம்.

சொன்ன பதில் சரியானதே. ஆனால் அவர் போன பின்பும் அந்தத் தயக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. ஒரு மாணவனின் எந்த ஆண்டு மதிப்பெண் அவனுடைய தலையெழுத்தாகிறது? தொடக்கத்தில் இடறியவன் பின்னர் நிமிர்ந்து நடந்தால் அவனை உள்ளே விடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறதா? இக்கேள்விகளோடு கடந்த ஒன்றரை நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்தபோது கிடைத்தவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கும்பகோணத்தில் இரு காட்சிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் பதிப்பாசிரியர் சி.வை. தாமோதரம் பிள்ளை என்பதை இலக்கிய அன்பர்கள் அறிவர். பல்கலைக்கழகத்தோடு படிப்படியான வாயில்களும் வந்தன. முதலில் மெட்ரிகுலேஷன், அடுத்து எஃப்.ஏ. எனப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு, அதன்பின் பி.ஏ. ஒவ்வொரு வாயிலிலும் குறிப்பிட்ட பாடங்கள் அனைத்திலும் தேற வேண்டும். ஒரு பாடத்தில் தவறினாலும் கதவு சாத்தப்படும்.

இந்தக் கதவுகளின் இயல்பை அறியக் கும்பகோணம் அரசுக் கல்லூரியை எண்ணிப் பார்த்தால் போதும். 1880ஆம் ஆண்டு அங்கே தமிழாசிரியர் பணி காலியாயிற்று. ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் அப்பணியில் அமர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அவருடைய தகுதி. கல்லூரி அத்தகுதியை ஏற்றுக்கொண்டது. அதனால் தமிழ் அடைந்த பயனை இங்கே விரிக்கத் தேவையில்லை.

சாமிநாதையர் 1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றார். அடுத்த ஆண்டே, அதே கும்பகோணம் கல்லூரிக்குள் உதவித்தொகை பெற்ற மாணவராக நுழைந்தார் பதினாறு வயது சீனிவாச இராமானுஜன். ஊரின் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்காக ரங்கநாத ராவ் பரிசு பெற்றவர். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அவர் கைக்கு வந்திருந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் அவரை முழுமையாக ஆட்கொண்டிருந்தது. வேறெந்தப் பாடத்திலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை பறிபோயிற்று.

பட்டம் இல்லாத ஆசிரியரை ஏற்றுக்கொண்ட கல்லூரியால் ஒரு பாடத்தில் தவறிய மாணவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. இதில் கல்லூரியைக் குறை கூறிப் பயனில்லை. ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தது ஒரு மனிதரின் மதிப்பீடு. மாணவரை வெளியேற்றியது விதி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபின் 1906ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் எஃப்.ஏ. தேர்வுக்கு முயன்றார். கணிதம் வந்தது, மற்றவை வரவில்லை. உடலியல் பாடம் அவருக்குப் பெரும் பகையாக இருந்தது. 1907ஆம் ஆண்டு மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. இருபதாம் வயதில் அவருக்கு முன்னே எல்லாக் கல்லூரி வாயில்களும் மூடிக்கிடந்தன.

கதவைத் திறந்தவர்கள்

இதன்பின் நடந்தவை பலரும் அறிந்த கதையே. ஆயினும் சேர்க்கை என்ற கோணத்தில் அதனை மீண்டும் பார்ப்பது நலம்.

1910ஆம் ஆண்டு இராமானுஜன் திருக்கோவிலூருக்குச் சென்று வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். அவர் துணை ஆட்சியர்; 1907ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. இராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயர், இந்த அறிவை வருவாய்த் துறையின் கீழ்ப்படியில் அமர்த்தி வீணாக்க மனமின்றிச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அங்கிருந்து சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் என்று கை மாறிக் கை மாறி அந்த நோட்டுப் புத்தகங்கள் சென்றன. ராவ் சில காலம் தம் கைப்பணத்தால் இராமானுஜனைத் தாங்கினார். 1911ஆம் ஆண்டு கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவராகவும், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பரிவுள்ளவராகவும் வாய்த்தனர்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச். ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதத்தை ஒரு சேர்க்கை விண்ணப்பமாகவே நாம் படிக்கலாம். தாம் துறைமுக எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். தோல்விக்குக் காரணம் அடுக்கவில்லை. இரக்கம் தேடிப் பக்கங்களை நிரப்பவில்லை. அடுத்துத் தேற்றங்கள் அணிவகுக்கின்றன. இதற்கு முன் வேறு கணிதப் பேராசிரியர்களுக்கு அனுப்பியவை பயனளிக்கவில்லை. இது பயனளித்தது.

கடிதத்தைப் பெற்றவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்டி தேர்வுகளில் தோற்றவர் அல்லர். கேம்பிரிட்ஜின் கடுமையான கணிதத் தேர்வில் 1898ஆம் ஆண்டு நான்காம் இடம் பெற்றவர். ஆனால் அந்தத் தேர்வு கணிதத்துக்குக் கேடு செய்கிறது என்று வாதிட்டு, தர வரிசைப்படி பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர். 1909ஆம் ஆண்டுடன் அவ்வழக்கம் நின்றது. மதிப்பெண் வரிசையில் நம்பிக்கை இழந்த ஒருவரின் மேசைக்கு அக்கடிதம் போய்ச் சேர்ந்தது இராமானுஜனின் நல்லூழ் எனலாம்.

ஹார்டியின் பதில் வந்தபின் சென்னையிலும் அசைவு ஏற்பட்டது. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது குறிப்புகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளிக்கும் திட்டம் பல்கலைக்கழகத்தின் முன் வந்தது. இளங்கலைப் பட்டமும் இல்லாத ஒருவருக்கு அதனை எவ்வாறு வழங்குவது என்ற தடை எழாமல் இல்லை. ஆய்வை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்ற வாதமே இறுதியில் வென்றது. 1913ஆம் ஆண்டு மே முதல் அத்தொகை வழங்கப்பட்டது. இருமுறை எஃப்.ஏ.யில் தவறிய ஒருவர் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரானார்.

1914ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று ஆண்டுக்கு 250 பவுண்டு உதவியுடன் சென்னையிலிருந்து கப்பலேறினார். ஆய்வு மாணவராகச் சேரக் கேம்பிரிட்ஜ் விதித்திருந்த தகுதி அவரிடம் இல்லை. அவருக்காக அது தளர்த்தப்பட்டது. 1916ஆம் ஆண்டு ஆய்வின்வழி பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918ஆம் ஆண்டு இராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெல்லோவும் ஆனார்.

தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் கூற இக்கதையை நாம் பயன்படுத்துகிறோம். வகுப்பில் நாமும் பலமுறை கூறியிருக்கிறோம். இப்போது அவ்வாறு கூற நாக்கு தயங்குகிறது. இராமானுஜனுக்குக் கதவைத் திறந்தது முறைமையன்று. ஒரு துணை ஆட்சியர், ஓர் ஆட்சியர், ஒரு துறைமுகத் தலைவர், ஒரு வானிலை அறிஞர், இரு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் என்று அத்தனை பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. அத்தனை பேருடைய கண்ணில் படாமற் போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எங்கும் இல்லை. ஹார்டியே பின்னாளில் இராமானுஜனின் உண்மையான சோகம் இளமையில் இறந்ததன்று, பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலான ஆண்டுகள் வழிகாட்டியின்றிக் கழிந்ததே என்னும் கருத்துப்பட எழுதினார். கதவு திறந்தது உண்மை. தாமதமாகத் திறந்ததற்கு விலை கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை. 1920ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தபோது வயது 32.

மதிப்பெண் புத்தகமும் நேர்முகமும்

விதிவிலக்கின் கதை இதுவென்றால், விதியின் கதை வேறு. தேர்வில் தவறியோர் பெருகப் பெருக, தவறியதும் ஒரு தகுதிபோல் வழங்கிய காலம் ஒன்றிருந்தது. பி.ஏ. ஃபெயில் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் இருக்கவில்லை. அந்த வாயில் வரை வந்தவர் என்பதற்கு அது சான்று. நம் நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தனையே பாருங்கள். 1906ஆம் ஆண்டு பிறந்தவர் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றது 1931ஆம் ஆண்டு. இருபத்தைந்து வயது. அந்தத் தாமதம் தமிழ்ச் சிறுகதைக்கு இழப்பாக அமையவில்லை என்பது நமக்கு ஆறுதல்.

சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. ஒரே தேர்வில் ஒருவனை எடைபோடுவது தவறு என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. ஆகவே இறுதித் தேர்வு மதிப்பெண்ணோடு உயர்நிலை வகுப்புகளில் பள்ளி அளித்த மதிப்பெண்களும் சான்றிதழ்ப் புத்தகத்தில் இடம்பெற்றன. நல்ல நோக்கமே. ஆனால் இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஒரே தேர்வு என்பது அன்றைய காய்ச்சலுக்கும் கலக்கத்துக்கும் மாணவனைப் பலியாக்கும். தொடர் பதிவு என்பது பதின்மூன்று வயதில் இடறியதைப் பதினாறு வயது வரை கூடவே எடுத்து வரும். ஒன்று மன்னிக்கத் தெரியாத நாள். மற்றொன்று மறக்கத் தெரியாத புத்தகம். நம் கல்வி வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடி வந்ததாகவே தோன்றுகிறது.

விடுதலைக்குப் பின், 1950களின் பிற்பகுதியில் இன்டர்மீடியட் போய்ப் பி.யு.சி. வந்தது. பதினொரு வருடப் பள்ளிப் படிப்புக்குப் பின் ஓராண்டு கல்லூரியில் படித்து, அந்த மதிப்பெண்ணைக் கொண்டு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போக வேண்டும். சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் பிள்ளைகள் அந்த ஓராண்டுக்குப் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போனார்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் திடீரென்று ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, அது பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும். புதிய சூழலில் முதல் சில மாதம் தடுமாறுவது இயல்பு. அத்தடுமாற்றத்துக்கு அந்த ஓராண்டில் இடமே இருக்கவில்லை.

மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரித்து வழங்கும் முறையை அன்றைய சென்னை அரசு கொண்டுவந்தது. பின்தங்கிய மாவட்டப் பிள்ளைகளுக்கு அது ஓர் ஊன்றுகோலாக இருந்திருக்கலாம். 1968ஆம் ஆண்டு இராஜேந்திரன் வழக்கில் உச்சநீதிமன்றம் அம்முறை சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அடுத்து நேர்முகத் தேர்வு. பி.யு.சி. மதிப்பெண்ணோடு நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். விளையாட்டு, தொண்டு, உடல்திறன், பொது அறிவு, நாட்டம் என்ற தலைப்புகளில் வழங்க வேண்டியதை மொத்தமாக வழங்கிவிட்டனர் என்பதை 1970ஆம் ஆண்டு பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

நேர்முகம் என்பது கொள்கையளவில் இராமசாமி ஐயர் செய்த வேலையைத்தான் செய்ய வேண்டும். மதிப்பெண்ணுக்குப் பின்னே நிற்கும் ஆளைப் பார்க்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கானோரை வரிசையில் நிறுத்திப் பார்க்கும்போது தெரிவது ஆளன்று. சட்டையும் ஆங்கிலமும் சிபாரிசுமே என்ற ஐயம் மக்களிடம் வேரூன்றியது. அந்த ஐயம் இன்றும் மறையவில்லை. கல்லூரிச் சேர்க்கையில் மனித மதிப்பீட்டுக்கு இடம் தரலாம் என்று யாரேனும் சொன்னால் தமிழ்நாட்டில் பலரும் அஞ்சுவதற்கு இந்த அனுபவமே காரணம் என்று கருதுகிறோம்.

இரண்டாம் வாய்ப்பு இருந்த காலம்

1978ஆம் ஆண்டு பி.யு.சி. பள்ளிக்குள் வந்து மேனிலைக் கல்வியாயிற்று. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980ஆம் ஆண்டு நடந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது பெரும் நன்மை. பழகிய பள்ளியில், பழகிய மொழியில் இரண்டாண்டுகள் கிடைத்தன. அதற்குமேல், கல்லூரிக்குக் கணக்கில் வந்தது இரண்டாம் ஆண்டு மட்டுமே. பதினொன்றில் எவ்வளவு தடுமாறினாலும் பன்னிரண்டில் எழுந்துவிடலாம். 1984ஆம் ஆண்டு தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூவின் பாட மதிப்பெண்கள் 200க்கும், நுழைவுத்தேர்வு 100க்கும் ஆக 300க்குத் தரவரிசை என்பது நம் தலைமுறையினருக்கு மனப்பாடம்.

இவற்றோடு இம்ப்ரூவ்மென்ட் என்ற ஒன்றும் இருந்தது. தேறியவரே மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடியும் எழுதலாம். 1990களின் பிற்பகுதியில் நாம் மேனிலை வகுப்பில் படித்தபோது உடன் படித்த நண்பர் ஒருவர் பதினொன்றாம் வகுப்புக் காலாண்டில் கணக்கிலும் இயற்பியலிலும் தவறியவர். வீட்டில் தறி. தந்தைக்கு உடல்நலமில்லை, அரை நாள் பள்ளி, அரை நாள் தறி என்று அவ்வாண்டு கழிந்தது. பன்னிரண்டில் ஓரளவு ஏறினார், பொறியியலுக்குப் போதவில்லை. ஓராண்டு பகலில் தறி ஓட்டி, இரவில் இரவல் வாங்கிய வழிகாட்டி நூல்களைப் படித்து, இம்ப்ரூவ்மென்டும் நுழைவுத்தேர்வும் எழுதினார். அடுத்த ஆண்டு சென்னையில் எவரும் விரும்பும் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. அவரைத் தள்ளிவிட ஓர் ஆட்சியரும் தேவைப்படவில்லை. விதியே அவருக்கு இடம் வைத்திருந்தது. இராமானுஜனின் கதையைவிட நம் மாணவர்களுக்கு இந்தக் கதைதான் பயன் தருவது என்று இப்போது எண்ணுகிறோம்.

ஆயினும் நியாயத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும். ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதுவது எல்லாராலும் இயல்வதன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நகரத்துப் பயிற்சி நிலையங்களில் அமர்ந்து இரண்டாம் முறை எழுதி, முதல் முறை எழுதும் கிராமத்துப் பிள்ளைகளின் இடங்களைப் பெறுகிறார்கள் என்ற வாதம் எழுந்தது. அதிலும் உண்மை இருந்தது. 2005ஆம் ஆண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு நுழைவுத்தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட் மதிப்பெண்ணையும் ஒருசேர நீக்கி ஆணையிட்டது. அம்மாத இறுதியிலேயே உயர்நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. மீண்டும் ஒரு சட்டம், மீண்டும் ரத்து. இறுதியில் ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையின்மேல் இயற்றப்பட்ட சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் 2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நுழைவுத்தேர்வு ஒழிந்தது. இம்ப்ரூவ்மென்ட் என்ற சொல்லும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

பழைய மதிப்பெண் திரும்பி வந்த ஆண்டு

பதினொன்றாம் வகுப்பு கணக்கில் வராது என்பதைப் பல பள்ளிகள் வேறு விதமாகப் புரிந்துகொண்டன. அவ்வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்துவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. இதனைத் தடுக்க 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்களும் சேர்ந்து 1200 என்று முதலில் அறிவித்தார்கள். 2018ஆம் ஆண்டிலேயே அது மாற்றப்பட்டு, உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் 600 மட்டும் போதும் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே நீக்கியது. எட்டாண்டுகளுக்குள் இத்தனை திருப்பங்கள். தொடக்க ஆண்டின் சுமை எவ்வளவு இருக்கலாம் என்பதில் நமக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை என்பதையே இது காட்டுகிறது.

இதற்கிடையில் வந்தது 2021. பெருந்தொற்றால் பிளஸ் டூ தேர்வு நடக்கவில்லை. மதிப்பெண் வழங்க ஒரு வாய்பாடு வகுத்தார்கள். பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு. பதினொன்றாம் வகுப்புக்கு 20. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. வேறு வழியில்லாத ஆண்டு. வகுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பத்தாம் வகுப்பில் அசட்டையாக இருந்துவிட்டுப் பன்னிரண்டில் எழுந்துவிடலாம் என்று உழைத்துக் கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? முடிந்துபோனதாக எண்ணிய ஓர் ஆண்டு எழுந்து வந்து எதிரில் நின்றது. மனநிறைவு இல்லாதவர்கள் பின்னர்த் தேர்வு எழுதலாம் என்ற வழி வைத்தார்கள். நம்மிடம் அவ்வாண்டு சேர்ந்த மாணவருள் ஒருவர், "பதினைந்து வயசுல எழுதுன பரீட்சைக்கு இப்ப தண்டனை சார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தறிக்காரரின் தயக்கத்தைக் கண்டபோது நமக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சிரிப்புதான்.

மருத்துவத்தின் நிலை வேறு. 2017ஆம் ஆண்டு முதல் நீட் தேர்வே கணக்கு. பள்ளி மதிப்பெண்ணுக்குத் தரவரிசையில் இடமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இதனை இரண்டாம் வாய்ப்பு என்று கொண்டாடலாமா? நீதியரசர் ஏ.கே. இராஜன் குழு 2021ஆம் ஆண்டு தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவருள் மீண்டும் முயன்று வந்தவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. விதிவிலக்கே விதியாகிவிட்டது. மீண்டும் முயல ஓராண்டுப் பயிற்சிக் கட்டணம் வேண்டும். அந்த ஓராண்டு வீட்டுக்கு வருமானம் தராமல் இருக்கவும் முடிய வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ஆம் ஆண்டு மருத்துவத்திலும், அடுத்த ஆண்டு பொறியியல் முதலியவற்றிலும் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு இந்த இடைவெளியைச் சிறிதேனும் நிரப்பும் முயற்சி.

புறத்தே ஒரு பார்வை

அமெரிக்காவில் பெருங்கல்லூரிகள் ஒன்பதாம் வகுப்பு முதல் நான்காண்டுப் பதிவேட்டையும் கேட்டு வாங்குகின்றன. நம் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் உறவினர் அது. ஆனால் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் மதிப்பெண் சராசரியைக் கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பை விட்டுவிடுகிறது. புதிய பள்ளிக்குள் நுழையும் பிள்ளைக்கு ஓராண்டுத் தடுமாற்றம் அனுமதிக்கப்படுகிறது. அங்கேயே 1960ஆம் ஆண்டு வகுத்த பெருந்திட்டம், உயர்நிலைப் பள்ளியில் சறுக்கியவர்கள் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்துத் தேறியபின் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் வழியையும் வைத்தது. இரக்கத்தை ஒருவருடைய பெருந்தன்மைக்கு விட்டுவிடாமல் விதிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே இதில் நாம் காண வேண்டியது.

நம்மிடமும் அத்தகைய விதைகள் உண்டு. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டு தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்துக்கு ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்து அதிலேயே தகுதித் தேர்வு எழுதினால் உள்ளே போகலாம். வந்து படித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்னும் அணுகுமுறை அது. 1907ஆம் ஆண்டு அப்படி ஒரு வாயில் இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தொடக்கத்தில் இடறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் இராமானுஜன்கள் அல்லர். அவர்கள் மேதைகளாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தந்தைக்கு நோய், தறியில் வேலை, மொழி மாற்றம், அல்லது பதினைந்து வயதுக்கே உரிய விளையாட்டுப் புத்தி என்று காரணங்கள் மிகச் சாதாரணமானவை. சாதாரணக் காரணத்தால் இடறியவருக்குச் சாதாரணமான ஒரு வழி வேண்டும். அற்புதங்களைச் சொல்லி அவர்களை ஆறுதல்படுத்துவதைவிட, எந்த ஆண்டு கணக்கில் வரும், எது வராது, திரும்பி எழுத என்ன வழி என்பதைப் பத்தாம் வகுப்பு முடிந்த அன்றே சொல்லி வைப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.

தறிக்காரரை மீண்டும் ஆடித் தபசுக் கூட்டத்தில் கண்டோம். மகனுக்குச் சென்னையில் கேட்ட கல்லூரியே கிடைத்துவிட்டதாம். "பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டக் கேட்டாங்களா அண்ணாச்சி?" என்றோம்.

"கேட்டாங்க சார். வாங்கிப் பாத்தாங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டு."

"அப்புறம்?"

"பொறந்த தேதிய மட்டும் எழுதிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."